சோத்தாங்கைப் பக்கம்

என் அக்காவைப் பெண் பார்க்க என்று யாரும் வரவில்லை. கரண்ட் மீட்டர் பார்க்க ஒருவர் வந்தார், அக்காவையும் பார்த்துவிட்டுப் போனார். அவர்கள் கல்யாணக் கதை அவ்வளவுதான்.

"அன்னைக்கு ரீடிங் தப்பா எடுத்துட்டீங்க அத்தான். எங்க அக்கா ஓடுற வேகத்துக்கு உங்களால பில்லு கட்ட முடியாது" என்று நான் அவரைச் சீண்டாத நாள் கிடையாது. அவருக்குக் கோபமே வராது. "எடுத்தது எடுத்ததுதான் மச்சான், ஆபீசுல பதிஞ்சாச்சு" என்பார். அடுப்படியிலிருந்து அக்கா கரண்டியோடு வந்து எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போவாள்.

மின்சார ஆபீசில் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுப்பதுதான் அத்தானின் வேலை. சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் வரை அதே வேலைதான். பதவி உயர்வு கொடுத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அக்கா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

எங்கள் பகுதி ஊரின் பழைய பகுதி. தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். எந்தச் சந்தில் நுழைந்தாலும் மறுபக்கம் ஒரு தெருவில் கொண்டுபோய் விடும். ஒரு தெருவில் பள்ளம் தோண்டியிருந்தால் அடுத்த தெரு, அதிலும் லாரி நின்றால் அதற்கடுத்த தெரு. நான் பூட்டு சாவி ரிப்பேர்க் கடை வைத்திருந்தது ஒரு மூலையில். நாலு பக்கமிருந்தும் ஆள் வரும். கடைக்குப் பலகைகூட மாட்டியதில்லை, எப்படியும் எல்லாரும் அந்த மூலையைக் கடந்துதான் ஆக வேண்டும்.

நாலு தெரு சூழ்ந்த வீட்டுக் கூட்டத்துக்கு அத்தானின் ஆபீசில் 'கட்டம்' என்று பெயர். கட்டத்தின் ஒரு மூலையில் வேலையைத் தொடங்க வேண்டும். வீடுகள் எப்போதும் சோத்தாங்கைப் பக்கமே இருக்க வேண்டும். மூலை வந்தால் சோத்தாங்கைப் பக்கமே திரும்ப வேண்டும். இப்படியே நடந்தால் தொடங்கின இடத்துக்கே வந்து சேர்வோம், ஒரு வீடுகூட விட்டுப்போகாது. எதிர்ச்சாரி வேறு கட்டம். அது நாளைய வேலை. எதிர் வீட்டிலிருந்து தெரிந்தவர் கூப்பிட்டால்கூட அன்றைக்கு அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டார். "எதிர்ச்சாரி நாளைக்கு" என்று கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

வேலைக்கு வைத்த வழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. எங்கே போனாலும் வீட்டை விட்டு இறங்கி சோத்தாங்கைப் பக்கம்தான். பீச்சாங்கைப் பக்கம் ஒட்டின வீட்டில் கொஞ்சம் தயிர் உறைமோர் வாங்கி வரச் சொன்னால், மனிதர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டம் முழுக்கச் சுற்றி அந்த வீட்டுக்குப் போவார். திரும்பி வர மட்டும் ஒரு எட்டு. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் தெருக்காரர்கள்தான். "நடந்தா என்ன குறைஞ்சா போயிடுவேன்?" என்று அதற்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பார்.

அவர் வேலையில் இருந்த கடைசிக் காலத்தில் ஊர் வீங்க ஆரம்பித்தது. வீங்க என்றுதான் சொல்லுவேன், வளர்வது வேறு. மெயின் ரோட்டை ஒட்டி இருந்த நிலத்தையெல்லாம் ஆளாளுக்கு வாங்கினார்கள். வாங்கினவர் தன் துண்டைச் சுற்றி மதில் எழுப்பினார், ஒரே ஒரு கேட் வைத்தார், உள்ளே தெரு போட்டு மனை பிரித்தார். பக்கத்துத் துண்டை வாங்கினவரும் அப்படியே. இவருடைய தெரு மதிலில் முட்டி நிற்கும். அவருடைய தெருவும் அதே மதிலில் அந்தப் பக்கம் முட்டி நிற்கும். இரண்டையும் சேர்ப்பது யார் வேலை? யாருக்கும் வேலை இல்லை. எல்லாரும் மெயின் ரோட்டில் வந்து விழ வேண்டும், அங்கே போய் மாட்டிக்கொண்டு ஹாரன் அடிக்க வேண்டும். இதற்குப் பெயர் வசதியாம்.

அந்த லேஅவுட்டுகளை ஆபீசில் வண்டி வைத்திருந்த சின்ன வயசுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அத்தான் ஒரே ஒரு நாள் பதில் ஆளாகப் போய்வந்தார். சாயங்காலம் என் கடைக்கு வந்து உட்கார்ந்தவர் முகத்தில் அப்படி ஒரு கடுப்பு.

"அது தெருவே இல்ல மச்சான், பை. கைய விட்ட வழியாவேதான் கைய எடுக்கணும். பாத்த வீட்டையே மறுபடி பாத்துக்கிட்டு வரணும். மனுசன் நடப்பானா அதுல?"

"அங்க வீடு வாங்கறவங்க யாரும் நடக்கறதில்ல அத்தான், கார்லதான் போறாங்க."

"அப்ப சரி" என்று எழுந்து, கடையைச் சோத்தாங்கைப் பக்கம் விட்டு நடந்தார்.

ஓய்வு பெற்றார். அக்கா போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகுதான் அவருக்கு மறதி வந்தது. முதலில் எனக்கே விளங்கவில்லை. ஒருநாள் வீட்டுச் சாவி தொலைந்துவிட்டது, புதுசு செய்து கொடு என்று வந்து நின்றார். சாவி அவர் கையிலேயே இருந்தது. நான் வழக்கம்போல் கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பயந்துபோயிருந்தார். நான் அதை வாங்கி அரத்தால் ராவுகிற மாதிரி இரண்டு இழுப்பு இழுத்து, "இந்தாங்க, புதுசு" என்று கொடுத்து அனுப்பினேன்.

அவருக்கு ஒரே மகள், எனக்கு மருமகள் முறை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் ஏதோ கம்பெனிக்குக் கணக்கு வேலை பார்ப்பாள். பெரிய டாக்டரிடம் காட்டினாள். போகிற ஞாபகம் திரும்பாது, மெல்லப் போகும், நடமாட விடுங்கள் என்று டாக்டர் சொன்னார்.

நடமாட்டத்துக்கு எங்கள் தெருவில் குறைச்சலே இல்லை. தினமும் இறங்குவார். சோத்தாங்கைப் பக்கம் திரும்புவார். மூலையில் தையல் கடை, அடுத்த மூலையில் என் கடை, அதற்கடுத்த மூலையில் இஸ்திரிக் கடை. எதுவும் ஞாபகம் இல்லாவிட்டாலும் கால் திரும்பிவிடும், வீடு வந்துவிடும். வாசலைத் தாண்டிப் போய்விட்டாலும் பரவாயில்லை, இன்னொரு சுற்றில் மறுபடி அதே வாசல். மகள் ஜன்னலில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டே "அப்பா, வீடு" என்பாள். "ஓ, இதுவா" என்று ஏறி வருவார். அந்த நாட்களில் அவரை யாரும் ஒருமுறைகூடத் தேடிப் போனதில்லை. அவருக்கு உடம்பு சரியில்லை என்பதே தெருவில் பலருக்கு வெகுநாள் தெரியாது.

பிறகு வீட்டுச் சொந்தக்காரர் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறேன் என்றார். வாடகை வீடு, என்ன பேச முடியும்? பழைய பகுதியில் வேறு வீடு பார்த்தாள், விலை கேட்டுத் தலை சுற்றியது. கடைசியில் மெயின் ரோட்டில் வெகுதூரம் தள்ளி ஒரு லேஅவுட்டில் தனி வீடு கிடைத்தது. கடன் போட்டு வாங்கினாள். விற்க வந்த ஆள் வாய் ஓயாமல் பேசினான். தெரு மதிலோடு முடிகிறது, வெளி வண்டி ஒன்று வராது, ஒரே கேட், கேட்டில் வாட்ச்மேன், வயசானவர்கள் இருக்கிற வீட்டுக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறு எது என்றான். மருமகளும் அதையே என்னிடம் சொன்னாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

வீடு நல்ல வீடுதான். வெளிச்சம் உண்டு, காற்று உண்டு, வீட்டைச் சுற்றி ஆள் நடக்கிற அளவு சந்து, அப்புறம் காம்பவுண்டு. மாடியில் நின்றால் மதிலுக்கு அந்தப்புறம் அடுத்த லேஅவுட்டின் தெரு தெரியும். அங்கே துணி காயப்போடுகிற பெண்ணின் முகம்கூடத் தெரியும். கூப்பிடு தூரம். ஆனால் அவளைப் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் இந்த கேட்டை விட்டு மெயின் ரோட்டுக்குப் போய், பாலத்தடி வரை ஓட்டித் திரும்பி, எதிர்ப்புறம் வந்து, இன்னொரு பாலத்தடியில் மறுபடி திரும்பி, அந்த கேட்டுக்கு வர வேண்டும். அதற்குள் அவள் துணி காய்ந்துவிடும்.

குடிபோன மறுநாளே அத்தான் வீட்டை விட்டு இறங்கினார். சோத்தாங்கைப் பக்கம் திரும்பினார். இரண்டு வீடு தாண்டியதும் மதில்.

நின்றுவிட்டார்.

மதில் மூலை இல்லையே, திரும்புவதற்கு. வந்த வழியே வரலாம் என்றால், வந்த வழியே வருவது அவர் காலுக்குத் தெரியாது. எதிர்ச்சாரிக்குக் கடந்து அந்தப் பக்கமாக வரலாம். ஆனால் எதிர்ச்சாரி நாளைய வேலை. மருமகள் போய்ப் பார்த்தபோது மதிலுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார்.

"என்னப்பா இங்க நிக்கிறீங்க?"

"பள்ளம் தோண்டி அடைச்சிருக்காங்க போலம்மா. தொறந்துடுவாங்க."

"தொறக்க மாட்டாங்கப்பா. அந்தப் பக்கமா சுத்தி வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"எதிர்ச்சாரி நாளைக்கும்மா."

தினமும் இதே கதை. இறங்குவார், நடப்பார், மதிலில் போய் நிற்பார். யாராவது கையைப் பிடித்துத் திருப்பி அழைத்து வந்தால் வருவார். இல்லையென்றால் நிற்பார். குடையைக் கொடுத்துப் பார்த்தாள், குடையோடு நின்றார். ஸ்டூல் போட்டாள், ஸ்டூலில் உட்கார்ந்து மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க நடந்த மனிதருக்கு உலகம் இரண்டு வீட்டோடு முடிந்துபோனது. பழைய தெருவில் மெல்லப் போய்க்கொண்டிருந்த ஞாபகம் இங்கே வந்து ஓட்டம் பிடித்தது. என்னைக்கூட அடையாளம் தெரியாமல் "வாங்க, வாங்க" என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அத்தான் என்னை ஒருநாளும் மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை அடைத்துவிட்டு நான் அங்கே போவேன். பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ, அப்புறம் கேட்டிலிருந்து நடை. அப்படிப் போயிருந்த ஒரு ஞாயிறு. அடுப்படிக் கதவின் தாழ்ப்பாள் இறங்கவில்லை என்றாள், வாயில் ஸ்குருவைக் கடித்துக்கொண்டு அதைச் சரி பண்ணிக்கொண்டிருந்தேன். அவள் ஆபீசிலிருந்து வந்த போனில் இருந்தாள். பேசி முடித்து வந்து பார்த்தால் அத்தான் இல்லை.

"மதில்கிட்ட நிப்பாரு மாமா, கூட்டிட்டு வரேன்" என்று போனவள் அங்கிருந்தே கத்தினாள். "மாமா, அப்பா இங்க இல்ல!"

ஸ்குருவைத் துப்பிவிட்டு ஓடினேன். மதிலும் ஸ்டூலும் மட்டும் இருந்தன. கேட்டுக்குப் போன் போட்டாள். வாட்ச்மேன் அன்றைக்குத்தான் புதுசாக வந்தவன். "ஒரு பெரியவர் வீடு வீடா மீட்டர் எங்கேன்னு கேட்டாருங்க. வெளியாள்னு நெனச்சி கையப் பிடிச்சிக் கூட்டிட்டு வந்து கேட்டுக்கு வெளிய விட்டுட்டேன்" என்றான். இந்த வீட்டு மனிதர் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? எங்கள் பழைய தெரு என்றால் நேற்று வந்த நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும்.

அப்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது.

"அம்மா, கரண்ட் ஆபீசு. மீட்டர் பாக்கணும், கதவத் தொறங்க."

கேட்டை விட்டு இறங்கி மெயின் ரோட்டில் சோத்தாங்கைப் பக்கம் திரும்பியிருக்கிறார். அடுத்து வந்த வழி பக்கத்து லேஅவுட்டின் கேட். அங்கேயும் சோத்தாங்கைப் பக்கம். ரீடிங் எடுக்க வந்தேன் என்று சொன்ன தோரணையில் அந்த வாட்ச்மேன் உள்ளே விட்டுவிட்டான். மறுபடி சோத்தாங்கைப் பக்கம். சுற்றிச் சுற்றித் தன் வீட்டு மதிலுக்கே வந்துவிட்டார், மறுபுறமாக. கட்டம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. நடுவில் மதில் மட்டும் இல்லையென்றால் இன்னும் இரண்டு வீடு, அப்புறம் வாசல்.

நான் ஸ்டூல் மேல் ஏறினேன். மதில் உச்சியில் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது. அதற்கு மேலாக எட்டிப் பார்த்தேன். கீழே அத்தானின் வழுக்கைத் தலை.

"அத்தான்!"

நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "என்னடா மச்சான், சொவத்து மேல என்ன பண்ற? பூட்டு வேல ஓடலன்னு திருட எறங்கிட்டியா?"

எத்தனையோ மாதம் கழித்து என்னைத் தெரிந்திருக்கிறது அவருக்கு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கையை நீட்டினேன், சில்லு கிழித்ததுதான் மிச்சம்.

மருமகள் மதிலோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, "அப்பா, அங்கேயே நில்லுங்கப்பா. நான் வந்துடறேன், நகராதீங்க" என்றாள்.

"யாரும்மா உள்ள?" என்றார் அவர். "வீட்ல பெரியவங்க இல்லையா?"

அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

அவரைப் பேச்சில் நிறுத்தி வைப்பது என் வேலை. மதிலுக்கு மேலே தலையை வைத்துக்கொண்டு, "அத்தான், அக்காவ மொதல்ல எங்க பாத்தீங்க, சொல்லுங்க" என்றேன். நன்றாகச் சொன்னார். மீட்டர் கதவுக்குப் பின்னால் இருந்ததாம். அக்கா கதவை நகர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். நீலப் பாவாடையாம். ரீடிங்கை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அடித்தாராம். அக்கா, "எழுதத் தெரியாதா?" என்று கேட்டாளாம். என்னிடம் ஒருநாளும் சொல்லாத கதை. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அதற்குள் அங்கே ஒரு வீட்டுக் கதவு திறந்தது. வெளியே வந்தவர் மதிலைப் பார்த்தார். மதிலுக்கு மேலே ஒரு தலை, கையில் ரத்தம். கீழே அதனோடு பேசுகிற ஒரு கிழவர். அவர் என்ன நினைப்பார்? "யாருய்யா நீங்க?" என்று கத்திக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தி, வாட்ச்மேனுக்குப் போன் போட்டுவிட்டார். வாட்ச்மேன் ஓடி வந்தான்.

"ஞாயித்துக்கிழமைல ஏதுய்யா ரீடிங்? கெளம்பு, கெளம்பு" என்று அத்தானின் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

"தம்பி, அவர விடுங்க! அவரு பொண்ணு வந்துக்கிட்டு இருக்கு! அவருக்கு ஒடம்பு சரியில்ல!" தொண்டை கிழியக் கத்தினேன். அவன் என்னை நோக்கித் தடியை ஆட்டினான். அத்தான் திரும்பிப் பார்த்து எனக்குக் கையசைத்துவிட்டு அவனோடு நடந்தார். தெரு முனை வரை அவர் முதுகு தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

மருமகள் பாலத்தடியில் நெரிசலில் நின்றிருக்கிறாள். அவள் அந்த கேட்டுக்கு வந்தபோது அத்தானை வெளியே விட்டு வெகுநேரம் ஆகிவிட்டது. உள்ளே ஓடப் பார்த்தவளை வாட்ச்மேன் மறித்து, எந்த வீட்டுக்குப் போகணும், நம்பர் சொல்லுங்க என்று கேட்டிருக்கிறான். "வீட்டுக்கு இல்லங்க, மதிலுக்கு" என்றாளாம். அவனுக்கு விளங்குவதற்குள் இன்னும் நேரம் போயிற்று.

அன்று சாயங்காலம்தான் கிடைத்தார். மெயின் ரோட்டில் வெகுதூரம் தள்ளி ஒரு பஞ்சர் கடையில். ஓரத்துச் சாக்கடையில் விழுந்தவரைக் கடைக்காரர் தூக்கி, டயர் மேல் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். செருப்பைக் காணோம், பாதம் இரண்டும் புண். வலது மணிக்கட்டு உடைந்து வீங்கியிருந்தது. மகளைப் பார்த்ததும் அவளிடம் வேலையை ஒப்புவிக்கிற மாதிரி சொன்னார்:

"பெரிய கட்டம்மா. நடந்துக்கிட்டே இருக்கேன், முடியவே இல்ல."

கட்டு போட்டு அழைத்து வந்தோம். நான் சும்மா இருக்கவில்லை. லேஅவுட் சங்கத்துச் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். மதிலில் ஓர் ஆள் நுழைகிற அளவு வழி விடுங்கள், கதவும் பூட்டும் நானே இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்றேன். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கும் உதவும் என்றேன். அவர் நல்ல மாதிரிதான் பேசினார். "சொவர் இருக்குன்னுதான் சார் இங்க எல்லாரும் வீடு வாங்கியிருக்காங்க" என்றார். குளிர்ந்த தண்ணீர் கொடுத்து அனுப்பினார். பூட்டு என்றால் ஒரு சாவி செய்துவிடுவேன். மதிலுக்கு நான் என்ன செய்ய?

அடுத்த ஞாயிறு மருமகள் என்னிடம் வந்து நின்றாள். அழுது அழுது கண் உப்பியிருந்தது.

"மாமா, நம்ம காம்பவுண்டு கேட்டுக்கு ஒரு பூட்டு போடுங்க. அப்பாவால தொறக்க முடியாத பூட்டா பாத்துப் போடுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அவரு என்ன திருடனா? நடமாட விடணும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? ஊரெல்லாம் நடந்த மனுசன அடைச்சி வைக்கச் சொல்றியே, உனக்கு எப்படிம்மா மனசு வருது?"

"வரல மாமா" என்றாள். "மனசு வரல. ஆனா இன்னொரு தடவ அவர ரோட்டுல போய்த் தேட என்னால ஆகாது. வேற வழி தெரிஞ்சா நீங்களே சொல்லுங்க, நான் செய்றேன்."

 பையைத் திறந்தேன். எத்தனையோ பூட்டு போட்டிருக்கிறேன், எல்லாம் வெளியாள் உள்ளே வராமல் இருக்க. அத்தான் பக்கத்தில் நின்று, கட்டுப்போட்ட கையால் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். "நல்லா இறுக்கிப் போடுங்க சார், காலம் கெட்டுக் கிடக்கு" என்றார். அந்த 'சார்' என்னை என்னவோ செய்துவிட்டது. ஸ்குரு கண்ணுக்குத் தெரியவில்லை, தடவிப் பார்த்துத்தான் முடுக்கினேன்.

முதல் சில நாள் கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டே நின்றார் என்று மருமகள் போனில் சொன்னாள். சாப்பாட்டை ஒதுக்கினார். படுத்தால் எழுந்திருக்கவில்லை. இனி அவ்வளவுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அக்கா இருந்திருந்தால் கரண்டியோடு வந்து அந்த மதிலையே இடித்திருப்பாள் என்றுகூடத் தோன்றியது.

அடுத்து நான் போனபோது ஹாலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அத்தானைக் காணோம். எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். அவள் உதட்டில் விரல் வைத்தாள்.

வாசல் மணி அடித்தது. அவள் போய்க் கதவைத் திறந்தாள். அத்தான் நின்றிருந்தார். சட்டைப் பையில் பேனா, கால் இரண்டும் நேராக.

"கரண்ட் ஆபீசும்மா. மீட்டர் எங்க இருக்கு?"

"இதோ, கதவுக்குப் பின்னாடிங்க" என்று கதவை நகர்த்திப் பிடித்தாள். அவர் குனிந்து பார்த்தார், தலையை ஆட்டினார், நன்றி சொன்னார். படியிறங்கினார். சோத்தாங்கைப் பக்கம் திரும்பி, வீட்டுச் சுவரை ஒட்டின சந்துக்குள் போனார்.

வீட்டைச் சுற்றியிருந்த சந்தை அவர் கால் கண்டுபிடித்துவிட்டது. மூலை வருகிறது, சோத்தாங்கைப் பக்கம் திரும்புகிறார், மறுபடி மூலை, மறுபடி திரும்பல். வழியில் மதில் இல்லை. சுற்றி முடித்தால் ஒரு வாசல். அவருக்கு அது அடுத்த வீடு. மணி அடிக்கிறார். மகள் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து போய்த் திறக்கிறாள். ஒவ்வொரு தடவையும் புதுசாகத் திறக்கிறாள், ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார் என்றாள். "என்னை யாருன்னுதான் அவருக்குத் தெரியல மாமா" என்றாள்.

நான் கிளம்புவதற்கு முன்னால் இன்னொரு தடவை மணி அடித்தது. இந்தத் தடவை ரீடிங் பார்த்துவிட்டு உடனே இறங்கவில்லை. கொஞ்சம் களைத்திருந்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், யாரோ விருந்தாளி என்று விட்டுவிட்டார். அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏம்மா அழுத மாதிரி இருக்கீங்க? வீட்ல பெரியவங்க இல்லையா?"

"அப்பா இருக்காருங்க" என்றாள். "வெளிய போயிருக்காரு. இன்னும் வரல."

"எந்தப் பக்கமா போனாரு?"

"சோத்தாங்கைப் பக்கமாதாங்க போனாரு."

அவர் முகம் தெளிந்தது. கட்டுப்போட்ட கையைத் தூக்கி, அவள் தலையில் வைக்க வந்து, அந்நியப் பெண்ணாயிற்றே என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அப்ப பயப்படாதீங்கம்மா. வந்துடுவாரு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.